அணியத்தக்க எந்திரனியலும் மறுவாழ்வுப் பொறியியலும்: ஆய்வு அளவுகோல் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இயக்கம் இழந்தோருக்கான எந்திரக் கருவிகளை ஆராய்வோர் பெரிதும் கருவியின் திறனையே அளக்கின்றனர். பயனாளரின் அன்றாடச் செயல்பாட்டை அளவுகோலாகக் கொள்ளும்போதே இத்துறையின் புதிய ஆய்வுக்களங்கள் புலப்படும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புறச்சட்டகம், பக்கவாதம், மறுவாழ்வு, அன்றாடச் செயல்பாடு.

முன்னுரை

உடல்மேல் அணிந்து மூட்டுகளை இயக்கும் கருவி புறச்சட்டகம் எனப்படும். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்த ஹார்டிமன், சுமை தூக்குவதற்கானது. 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் இசைவைப் பெற்ற ரீவாக், கால்கள் செயலிழந்தோர் ஊன்றுகோல் துணையுடன் நடக்க வழிசெய்தது. அதனை உருவாக்கிய அமித் கோஃபர் கைகளும் பாதிக்கப்பட்டவர். ஆதலால் தம் படைப்பைத் தாமே பயன்படுத்த இயலாதவரானார். கருவியின் வெற்றி பயனாளர் அனைவரின் வெற்றியும் ஆகாது என்பதற்கு இது தக்க சான்று.

சோதனைகள் உணர்த்துவன

எம்ஐடி-மானஸ் அணியும் வகையைச் சார்ந்ததன்று. எனினும் எந்திரப் பயிற்சியின் பயனை மதிப்பிட அதன் சோதனைகளே வலுவான சான்றுகளைத் தருகின்றன. பக்கவாதத்தால் கைச்செயல் குன்றிய 770 பேரைக் கொண்டு ஐக்கிய இராச்சியத்தில் நிகழ்ந்த ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் வெளிவந்தது. மூன்றாம் மாதத்தில் கைச்செயல்பாட்டு இலக்கை எட்டியோர் எந்திரப் பயிற்சியில் 44 விழுக்காட்டினர். சிகிச்சையாளர் அளித்த கூடுதல் பயிற்சியில் 50 விழுக்காட்டினர். வழக்கமான சிகிச்சையில் 42 விழுக்காட்டினர். எந்திரப் பயிற்சி பெற்றோரின் கை அசைவுக் குறைபாடு வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் குறைந்தது. ஆனால் அம்முன்னேற்றம் அன்றாடச் செயலாக மாறவில்லை.

இதனைக்கொண்டு எந்திரம் பயனற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. 127 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 36ஆம் வாரத்தில் எந்திரப் பயிற்சி வழக்கமான சிகிச்சையை விஞ்சியது. அதே தீவிரத்துடன் சிகிச்சையாளர் அளித்த பயிற்சியை விஞ்சவில்லை. எந்திரம் தருவது சலிப்பற்ற மறுபயிற்சியே எனக் கொள்ளலாம். எனவே சிகிச்சையாளர் குறைந்த இடங்களில்தான் அதன் தேவை மிகுதி.

நலமுடையோரும் நோயுற்றோரும்

2015இல் காலின்ஸ் குழுவினர் மின்கலமோ மோட்டாரோ இல்லாத கணுக்கால் சட்டகத்தால் நடைக்கான ஆற்றல் செலவை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்தனர். 2017இல் ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப உதவிவிசையைச் சீரமைக்கும் முறை சராசரியாக 24 விழுக்காடு குறைத்தது. இரண்டும் பெருஞ்சாதனைகள், ஆயினும் சோதிக்கப்பட்டோர் நலமுடையவர்கள். பக்கவாதத்திற்குப் பிந்தைய நடை இடவலச் சமன் இழந்தது, ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஆகவே இவ்வெண்களை நோயாளர்மேல் ஏற்றிக் கூறுதல் ஆய்வுநெறியன்று.

தமிழகச் சூழல்

சென்னை ஐஐடியும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய புளூட்டோ என்னும் கைப்பயிற்சிக் கருவி, ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்திப் பயிலும் அமைப்புடையது. பல மோட்டார்களைச் சேர்ப்பதைவிட, எளிமையால் கருவியைப் பயனாளருக்கு அருகில் கொண்டுசெல்லும் இந்நோக்கு கவனத்திற்குரியது.

முடிவுரை

பயிற்சியில் பெற்ற அசைவு உண்ணல், உடுத்தல் போன்ற செயல்களாக மாறும் வழி, நோயாளர் நடைக்கேற்ற தனியாள் சீரமைப்பு, வீட்டில் நெடுநாள் பயன்பாடு ஆகிய மூன்றும் இன்றைய ஆய்வு இடைவெளிகளாகும். ‘மறுவாழ்வு’ என்னும் கலைச்சொல் உறுப்பைச் சுட்டவில்லை, வாழ்வையே சுட்டுகிறது. கருவியைக் கழற்றிய பின் பயனாளரால் செய்ய இயல்வது யாது, கழற்ற இயலாதவர்க்கு அதனோடு வாழ இயல்வது எங்ஙனம் என்னும் வினாக்களே இத்துறை ஆய்வுகளின் அளவுகோலாதல் வேண்டும்.