சோதனை வேறு, தீர்வு வேறு: வீட்டுப் பிரிண்டர் பகிர்வின் நிறைகுறைகள்

வீட்டில் பிரிண்டர் ஒன்று, கணினிகள் இரண்டோ மூன்றோ. பிரிண்டரை ஒரு கணினியில் கேபிளால் இணைத்துவிட்டு, மற்ற கணினிகளிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாக அதில் அச்செடுப்பதைத்தான் ‘பிரிண்டர் ஷேரிங்’ என்கிறோம். விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்த 1992 முதலே இந்த வசதி இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும், இது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

நின்றுவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரு முறை ஊரெங்கும் பழகிப்போயிருக்கிறது. ஃபயர்வாலை அணை. பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்து. பழைய பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பக் கொண்டுவா. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு. அதற்கும் மசியாவிட்டால் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு. இப்படி ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் காகிதம் வெளியே வரும். வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். இந்த முறையில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, கேடு அதைவிட அதிகமாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பகிர்வுக்கான நியாயம்

வைஃபை பிரிண்டர்கள் மலிந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் பல ஆண்டுகள் பரவலாக விற்ற கேனான் எல்.பி.பி. 2900 லேசர் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். உறுதியான இயந்திரம், இன்றும் பல வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது யூ.எஸ்.பி. இணைப்பு மட்டும். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் கணக்கையும் அது தானாகச் செய்வதில்லை. கணினியில் உள்ள டிரைவர்தான் அதைச் செய்து அனுப்புகிறது. ஆகவே இதுபோன்ற பிரிண்டருக்குக் கணினியின் துணை கட்டாயம் வேண்டும். நன்றாக ஓடும் இயந்திரத்தை நெட்வொர்க் இல்லை என்பதற்காக எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவது காசுக்கும் நட்டம், குப்பையும் கூடும். பிரிண்டர் ஷேரிங் இந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது. தனிக்கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தேவையானதெல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பகிரப்பட்ட பிரிண்டரோடு இணையும்போது, மற்றக் கணினி தனக்கு வேண்டிய டிரைவரை பிரிண்டர் உள்ள கணினியிடமிருந்தே வாங்கி நிறுவிக்கொள்ளும். ‘பாயின்ட் அண்ட் பிரிண்ட்’ என்று இதற்குப் பெயர். சிடியைத் தேட வேண்டாம், நிறுவனத்தின் தளத்தில் துழாவ வேண்டாம். சொடுக்கினால் போதும்.

வசதியே ஓட்டையாகும் இடம்

இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறையும் இங்கேயேதான் இருக்கிறது. ஸ்பூலர் என்ற சேவைதான் அச்சு வேலைகளை வரிசைப்படுத்துகிறது. அது விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது. வெளியிலிருந்து வரும் கோப்பை வாங்கி நிறுவும் வேலையையும் அதனிடமே கொடுத்தால், தவறான கோப்பு வரும் நாளில் கணினி முழுவதும் கைவிட்டுப் போகும். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பிரிண்டரைப் பகிர்ந்திருந்த கணினிகளின் ஸ்பூலர் ஓட்டையையும் தான் பரவும் வழிகளில் ஒன்றாக வைத்திருந்தது. 2021-இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை தெரியவந்தபோது, மைக்ரோசாஃப்ட் வழக்கமான தேதிவரை காத்திருக்காமல் ஜூலை முதல் வாரத்திலேயே திருத்தத்தை வெளியிட்டது. ஆகஸ்டில், நிர்வாகி அதிகாரம் இல்லாமல் பிரிண்டர் டிரைவரை நிறுவ முடியாது என்று விதி மாறியது. செப்டம்பரில், பிரிண்டருக்காக இரு கணினிகளுக்கிடையே நடக்கும் பரிமாற்றம் மறையாக்கம் செய்யப்பட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் கட்டாயமானது.

வீடுகளில் பகிர்வு முறிந்தது இதையொட்டித்தான். 11பி என்று முடியும் பிழை எண் அப்போது பல திரைகளில் தோன்றியது. 709 என்று முடியும் இன்னொன்றும் அடுத்தடுத்த மாதங்களில் வந்தது. இரண்டு கணினிகளிலும் அப்டேட்டுகளை ஏற்றுங்கள் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. மக்களிடையே பரவியதோ ரெஜிஸ்ட்ரி வழி. செப்டம்பர் நிபந்தனையை அது அப்படியே அணைத்துவிடும்.

எஸ்.எம்.பி. 1-இன் கதையும் இதேதான். விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறையின் முதல் பதிப்பு அது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற தீநிரல், அதில் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முடங்கின. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்.எம்.பி. 1 இயல்பாக இருப்பதில்லை. அது போனதும் ‘நெட்வொர்க்’ பகுதியில் மற்றக் கணினிகளின் பெயர்கள் தெரிவதும் நின்றது, ஏனெனில் பழைய பெயர்ப் பட்டியல் சேவை அதை நம்பியே இருந்தது. பட்டியல் வெறுமையாக இருப்பதைப் பார்த்து எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்ப இயக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. பட்டியலைக் கொண்டுவர ‘ஃபங்ஷன் டிஸ்கவரி’ என்று பெயர் தொடங்கும் இரண்டு சேவைகளை இயக்கினால் போதும். பட்டியலே இல்லாமலும் பிரிண்டரோடு இணைய முடியும்.

தளர்த்திப் பார்ப்பதில் உள்ள உண்மை

தளர்த்தும் முறையை முற்றாகத் தள்ளிவிடவும் கூடாது. பகிர்வு என்பது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி: பிரிண்டர், ஸ்பூலர், நெட்வொர்க், ஃபயர்வால், கணக்கு, டிரைவர். அறுந்தது எந்தக் கண்ணி என்று விண்டோஸ் சொல்வதில்லை. பூஜ்யங்கள் நிறைந்த ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த நிலையில் ஃபயர்வாலை ஒரே ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அணைத்ததும் அச்சு வந்தால் தடுப்பது ஃபயர்வால். அணைத்தும் வரவில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போகலாம். இது ஒழுங்கான தர்க்கம்.

பிழை அடுத்த கணத்தில் நிகழ்கிறது. சோதனையின் முடிவையே தீர்வாக எடுத்துக்கொண்டு, அணைத்ததை அணைத்தபடியே விட்டுவிடுகிறோம். ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று தெரிந்தால் தீர்வு, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்ற விதியை வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதிப்பது. ஃபயர்வாலையே இழந்து வாழ்வது தீர்வாகாது. ஃபியூஸ் போகும்போதெல்லாம் தடித்த கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை: விளக்கு எரியும், வீட்டைக் காத்தது போய்விடும். அதிலும் மடிக்கணினி வீட்டோடு நிற்பதில்லை. கல்லூரி விடுதிக்கும் ரயில் நிலையத்தின் வைஃபைக்கும் அணைத்த ஃபயர்வாலைச் சுமந்துகொண்டே போகிறது.

பாஸ்வேர்டு பாதுகாப்பை நீக்குவதிலும் இதே கேடு உண்டு. அந்த அமைப்பு பிரிண்டருக்கு மட்டும் உரியதன்று. அந்தக் கணினியில் பகிரப்பட்ட கோப்புறைகளுக்கும் அதுவே காவல். அச்செடுக்க வழி செய்கிறோம் என்று நினைத்துக் குடும்பப் படங்களுக்கும் வங்கிக் கணக்குத் தாள்களுக்கும் வாசல் திறந்துவிடக்கூடும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், ப்ரோ கணினிகள் பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’டாக இணைவதை இயல்பாகவே மறுக்கின்றன. ஆகவே இந்த வழி இப்போது ஆபத்தானது மட்டுமல்ல, பல இடங்களில் பயனும் அற்றது.

தளர்த்தாமல் தேடும் வரிசை

எதையும் திறந்துவிடாமலேயே பழுதைக் கண்டுபிடிக்க முடியும். தொடங்கும் இடம் பிரிண்டர் இணைந்திருக்கும் கணினி. அதிலிருந்தே ஒரு சோதனைப் பக்கம் எடுக்க வேண்டும். அங்கேயே வரவில்லையென்றால் நெட்வொர்க்கைத் தொடவே தேவையில்லை. வரிசையில் சிக்கிய பழைய வேலையாக இருக்கலாம். ஸ்பூலரை நிறுத்தி, ‘ஸ்பூல்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘பிரிண்டர்ஸ்’ கோப்புறையைக் காலிசெய்து, மறுபடி தொடங்கினால் தீரும். அந்தக் கணினி உறக்க நிலைக்குப் போயிருந்தாலும் மற்றவற்றுக்கு அது இல்லாததைப் போலத்தான்.

அடுத்தது நெட்வொர்க். இரண்டு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 192.168.1.10 என்றும் மற்றொன்று 192.168.0.15 என்றும் இருந்தால், வீட்டு வழக்கத்தில் அவை ஒரே நெட்வொர்க்கில் இல்லை. இணைய நிறுவனம் கொடுத்த கருவி ஒன்று, சிக்னல் போதவில்லை என்று நாமாக வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று என்றிருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினியும் இப்படித்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். கூடவே வீட்டு வைஃபை இரண்டு கணினிகளிலும் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புது இணைப்பை விண்டோஸ் 11 ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் பகிர்வை ஃபயர்வால் தடுப்பதுதான் சரி.

பிறகு ‘ரன்’ பெட்டியைத் திறந்து, இரண்டு பின்சாய்கோடுகளும் பிரிண்டர் உள்ள கணினியின் ஐ.பி. எண்ணும், பிறகு எண்ணுக்குப் பதில் அதன் பெயரும் தட்டிப் பார்க்கலாம். இதற்கு வரும் விடை பெருந்துணை. எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லையென்றால் கோளாறு பெயரைக் கண்டுபிடிப்பதில் மட்டுமே. இரண்டுக்கும் திறக்கவில்லையென்றால் ஃபயர்வால் அல்லது நெட்வொர்க். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் வழி சரியாக இருக்கிறது, கணக்கில்தான் சிக்கல்.

இந்தக் கடைசிச் சிக்கலில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். தினமும் திரையைத் திறக்கப் போடும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் செல்லும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் நெட்வொர்க் வழியாக உள்ளே விட விண்டோஸ் மறுக்கும். பிரிண்டர் உள்ள கணினியில் அச்செடுப்பதற்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு சாதாரணக் கணக்கைத் தொடங்கி, மற்றக் கணினிகளின் ‘கிரெடன்ஷியல் மேனேஜரில்’ ஒருமுறை பதிந்துவைத்தால் பிறகு கேட்காது. பாதுகாப்பை நீக்க எடுக்கும் நேரத்தைவிடச் சில நிமிடங்களே கூடுதல்.

கணக்கும் சரி, அப்டேட்டும் இரண்டிலும் இருக்கிறது, இருந்தும் இணைய மறுக்கிறது என்றால், டிரைவரை மற்றக் கணினியில் நேரடியாக நிறுவி, ‘லோக்கல் போர்ட்’ ஒன்றை உருவாக்கி, பகிரப்பட்ட பிரிண்டரின் முகவரியை அதற்குக் கொடுக்கும் வழி இருக்கிறது. டிரைவரை நெட்வொர்க்கிலிருந்து இழுக்கும் வேலையே இதில் இல்லை, அதனால் அதை ஒட்டிய தடைகளும் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை. மையின் அளவு போன்ற தகவல்கள் தெரியாமல் போவது இதன் குறை. ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவதோடு ஒப்பிட்டால் சிறிய விலைதான்.

கணினியை நடுவிலிருந்து விலக்குதல்

பிரிண்டரிலேயே வைஃபை இருந்தால் கணினி வழியாகப் பகிர்வதற்கு இன்று நியாயம் இல்லை. 2010-இல் வந்த ஏர்பிரிண்ட், 2013-இல் தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, ஐ.பி.பி. என்ற பொது நெறிமுறை வழியாகக் கைப்பேசியும் கணினியும் தனி டிரைவர் இல்லாமலே பிரிண்டரிடம் பேசுகின்றன. மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில், பிற நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்து இதே திசைக்கு வந்துவிட்டது.

இதுவும் குறையற்றதன்று. ரவுட்டர் புது ஐ.பி. எண் கொடுத்ததும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகும். ரவுட்டரில் அதற்கென ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தால் இது தீரும். பிரிண்டருக்குள் இருக்கும் அமைப்புப் பக்கத்தைப் பாஸ்வேர்டு இல்லாமல் விடுவது இன்னொரு அலட்சியம். இருந்தாலும் ஒரு கணினி விழித்திருந்தால்தான் வீடே அச்செடுக்கலாம் என்ற நிலை இங்கே இல்லை.

பொறுப்பு யாருடையது

இந்தக் குழப்பத்துக்கு வீட்டில் இருப்பவர்களை மட்டும் குறைசொல்வது அநீதி. விண்டோஸ் 7-இல் 2009-இல் வந்த ஹோம்குரூப், வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு என்ற எளிமையோடு இதைக் கையாண்டது. 2018-இல் அதை நீக்கிய மைக்ரோசாஃப்ட், அதே எளிமையில் பாதுகாப்பான மாற்று எதையும் வீட்டுக்குத் தரவில்லை. அலுவலகங்களை மனத்தில் வைத்து வகுத்த காவல்கள், அவற்றை நிர்வகிக்க ஆள் இல்லாத வீடுகளிலும் அப்படியே இறங்கின. காவல்கள் தேவையானவை. ஆனால் ‘உங்கள் இரண்டு கணினிகளில் ஒன்றில் அப்டேட் இல்லை’ என்று ஒரு வரி சொல்லியிருந்தாலே பல்லாயிரம் பேர் ரெஜிஸ்ட்ரிக்குள் கைவைத்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பைக் கூட்டும்போது விளக்கத்தையும் கூட்டாத நிறுவனம், பாதுகாப்பை நீக்கும் வழியைத் தேட மக்களைத் தூண்டுகிறது.

வழிசொல்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு காவலை நீக்கச் சொல்கிறவர், அது எதைக் காத்துநின்றது, சோதனை முடிந்ததும் அதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இரண்டும் இல்லாத வழிகாட்டலை வீட்டில் யாரும் பின்பற்றக் கூடாது. யூ.எஸ்.பி. மட்டும் உள்ள பிரிண்டருக்குப் பகிர்வு இன்றும் நல்ல ஏற்பாடே. பாஸ்வேர்டு உள்ள கணக்கு, பிரைவேட் நெட்வொர்க், இரு பக்கமும் அப்டேட் ஆகிய மூன்றும் இருந்தால் அதை நம்பி வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் ஓடும் என்ற நிலை வந்தால், விட்டுக்கொடுக்க வேண்டியது பகிர்வைத்தான். வேண்டிய தாளை பி.டி.எஃப். ஆக மாற்றி, பிரிண்டர் உள்ள கணினிக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் போவது சில நிமிடங்கள் மட்டுமே.