திரட்டலும் தெளிவும்

கம்பியில்லா உணரிகள் மின்கலத்தின் சிறு சத்தியால் இயங்குவன. செய்தி விடுத்தலே அச்சத்தியைப் பெரிதும் உண்பதாகலின், அளவீடுகளை இடைவழியில் திரட்டி ஒன்றாக்கி அனுப்புதல் சிக்கனமாம். அத்திரட்டை நம்பலாமோ என்னும் வினாவை ஆராய்வது, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து டேவிட் வாக்னர் 2004இல் வெளியிட்ட கட்டுரை.

மறைகுறியீடு வழிச்செல்லும் செய்தியைக் காக்கும். பகைவர் கைப்பட்ட உணரி உரைக்கும் பொய்யைத் தடுக்காது. இதனையுணர்ந்த ஆசிரியர் திரட்டும் கணிதத்தையே சோதிக்கின்றார். ஒன்பது உணரிகள் 30 பாகையெனப் பத்தாவது 1030 எனின், கூட்டலிடை 130 ஆகும். இடையமோ 30 ஆகவே நிற்கும். பாதிக்குக் குறைந்தவை பொய்த்தாலும் இடையம் மெய்யளவீடுகளின் எல்லையைக் கடவாது. இதனைத் தெளிவித்தமை கட்டுரையின் சிறப்பு.

எனினும் குறைகள் இரண்டுள. பத்தாவது உணரி காட்டுத்தீயை மெய்யாகவே கண்டு 300 என உரைப்பின், கூட்டலிடையேனும் 57 என எச்சரிக்கும், இடையம் அசையாது. மேலும், திரட்டுங் கருவியே பொய்த்தால் யாது செய்வதென்பது இங்கு ஆராயப்பட்டிலது. அக்கருவி தன் விடைக்குச் சான்றுங் காட்டல் வேண்டுமெனப் பிரிசிடாற்றெக், சோங், பெரிக் ஆகியோர் 2003இலேயே வகுத்த முறையுடன் இணைத்தே இக்கட்டுரை கற்கற்பாலது. பொய்யை விலக்கும் விதி தனித்த மெய்யையும் விலக்குமாயின், அது பாதிக் காவலேயாம்.