கணக்கும் கண்ணீரும்: காந்தியின் இலண்டன் மாணவப் பருவம் குறித்த மூன்று பனுவல்கள்

ஆய்வுச்சுருக்கம்

மோகன்தாஸ் காந்தி 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தைப் பற்றி, வெவ்வேறு வயதுகளில் மூன்று பனுவல்களை எழுதியுள்ளார். அவற்றுள் தன்வரலாறு ஒன்றே பரவலாக வாசிக்கப்படுகிறது. அயல்நாட்டு மாணவன் ஒருவன் புதிய நிலத்தில் காலூன்றிய வரலாற்றை இம்மூன்றும் எவ்வாறு வெவ்வேறாகப் பதிவு செய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, கையேடு, நாட்குறிப்பு, புலம்பெயர் கல்வி, பசி, சிக்கனம்

பனுவல்களும் காலமும்

‘சத்திய சோதனை’ 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்தது. அப்போது அதன் ஆசிரியர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், நாடறிந்த தலைவர். இலண்டன் அத்தியாயங்களில் இடம்பெறும் இளைஞனோ பதினெட்டு வயதில் கப்பலேறியவன். இவ்விருவருக்கும் இடைப்பட்ட தொலைவை வாசகர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அத்தொலைவை அளக்க உதவுபவை மற்ற இரண்டு பனுவல்கள். ஒன்று, இலண்டன் சேர்ந்த சில வாரங்களில், 1888 நவம்பரில், ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. மற்றொன்று, 1893-94இல் பிரிட்டோரியாவில் இருந்தபோது, இங்கிலாந்து செல்லவிருக்கும் இந்திய மாணவர்களுக்காக எழுதி, தம் காலத்தில் அச்சேற்றாமல் விட்ட ‘இலண்டன் வழிகாட்டி’.

தன்வரலாற்றில் ஒவ்வொரு நிகழ்வும் ‘சோதனை’ என்னும் சட்டகத்துள் வைக்கப்படுகிறது. வழுக்கல், விழிப்பு, திருத்தம் என்னும் வரிசை அதன் இயல்பு. பயணத்தின் காரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். சாமள்தாஸ் கல்லூரியில் பாடம் விளங்காமல் திணறிய மாணவனுக்குக் குடும்ப நண்பரான மாவ்ஜி தவே சொன்ன யோசனையாகத் தன்வரலாறு அதனைக் காட்டுகிறது. 1891 ஜூனில் ‘வெஜிடேரியன்’ இதழ் கண்ட நேர்காணலில், இங்கிலாந்துக்கு வரத் தூண்டியது எது என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை வேறு: தம் பேரவாவே காரணம் என்று தயக்கமின்றிக் கூறினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஆனால் முதிர்ந்த ஆசிரியர் எதை முன்னே நிறுத்துகிறார், எதைப் பின்னே தள்ளுகிறார் என்பதை இவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கிறது.

பசியின் மொழி

இலண்டன் அத்தியாயங்களில் மிக வலிமையானவை உணவு பற்றிய பக்கங்களே. இதற்குக் காரணம் சைவ உணவுக் கொள்கை என்று கருதுவது எளிது. உண்மையில் அப்பக்கங்களின் வலிமை கூச்சத்தில் இருக்கிறது. தாயின் முன் ஏற்ற சூளுரை இறைச்சியைத் தடுத்தது, ரொட்டியைத் தடுக்கவில்லை. ஆயினும் ரிச்மண்டில் நண்பரின் இல்லத்தில் இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேல் கேட்க அவ்விளைஞனுக்கு நாவெழவில்லை. பின்னர் மேற்குக் கென்சிங்டனில், இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஆங்கிலக் கைம்பெண் ஒருவரின் வீட்டில் தங்கியபோது, அவருடைய மகளிர் இருவரும் பரிவோடு ஓரிரு துண்டுகளைக் கூடுதலாக வைத்தனர். முழு ரொட்டியே வேண்டியிருந்த வயிறு அது என்பதை அப்பெண்கள் அறியவில்லை. விருந்தோம்பலில் குறையில்லை, உணவிலும் பஞ்சமில்லை; கேட்கும் சொல்தான் இல்லை. அயல்நாட்டில் குடியேறும் மாணவரின் வறுமை பணத்தால் மட்டும் ஆனதன்று என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் பகுதி இந்நூலில் வேறில்லை.

இப்பின்னணியில்தான் ‘கனவான்’ ஆக முயன்ற அத்தியாயத்தையும் வாசிக்க வேண்டும். பத்தொன்பது ஷில்லிங் தொப்பி, பாண்ட் தெருவில் பத்துப் பவுண்டுக்குத் தைத்த மாலையுடை, நடன வகுப்பு, மூன்று பவுண்டு வயலின், பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை ஆசிரியர் இளமையின் பகட்டாகவே எண்ணிச் சிரிக்கிறார். வாசகரும் உடன் சிரிக்கின்றனர். ஆனால் அவர் தரும் நிகழ்ச்சி வரிசை வேறொன்றைச் சொல்கிறது. நாடகத்துக்குச் செல்லுமுன் ஹோல்போர்ன் உணவகத்துக்கு அழைத்துச் சென்ற நண்பர், சூப்பில் இறைச்சி உண்டா என்று பணியாளரிடம் வினவ முற்பட்ட காந்தியை, நாகரிகமறியாதவர் எனக் கடிந்து வெளியே அனுப்பினார். அந்த நண்பரை மேலும் வருத்தக்கூடாது, சைவ உணவால் நேர்ந்த குறையைப் பிற நாகரிகங்களால் ஈடுசெய்ய வேண்டும் என்னும் எண்ணத்திலேயே ஆடையும் நடனமும் தொடங்குகின்றன. ஆகவே அந்த நாகரிக வேட்டம் சூளுரையிலிருந்து விலகிய செயலன்று. அதைக் காத்துக்கொள்ளச் செலுத்திய வரி. பண்பாட்டில் ஓரிடத்தில் வளையாதிருக்க, மற்றோர் இடத்தில் மிகையாக வளைந்துகொடுத்த மாணவனின் நிலை இது. சற்றேறக்குறைய மூன்று மாதத்தில் அம்மோகம் தெளிந்தது என்று நூல் கூறுகிறது. தெளிந்ததை விரித்துப் பேசும் ஆசிரியர், அவ்வரியை வாங்கிய சமூகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கையேடு சொல்வதும் மறைப்பதும்

‘இலண்டன் வழிகாட்டி’ இதற்கு நேர்மாறான பனுவல். அதில் கண்ணீர் இல்லை. யார் இங்கிலாந்து செல்லலாம், எத்தகைய உடைகளைக் கொண்டுசெல்ல வேண்டும், அவற்றின் விலை என்ன, சைவ உணவுக்கு என்ன செலவாகும், வாரம் ஒரு பவுண்டில் எவ்வாறு நலமாக வாழலாம் என்பனவே பொருள். இருபத்து நான்கு வயது வழக்கறிஞர், தமக்குப்பின் வருபவன் இடறக்கூடாது என்று எழுதிய நூல் இது. தன்வரலாற்றில் வேதனையாக விரிபவற்றுக்கு இங்கே விலைப்பட்டியல் விடையாகிறது. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகத்தைக் கண்டபோது, விரும்பிய பொருளைப் பெற்ற குழந்தையின் மகிழ்ச்சியைத் தன்வரலாற்று ஆசிரியர் அடைகிறார். தேடலின் அலைச்சலை நீக்கித் தேடியதன் பயனை மட்டும் அடுத்தவனுக்குத் தருவது வழிகாட்டியின் அறம்.

ஆனால் இப்பனுவலையும் ஐயமின்றி ஏற்க இயலாது. வாரம் ஒரு பவுண்டு வாழ்க்கை, மனவுறுதி உடைய எவர்க்கும் கைகூடும் என்னும் தொனி அதில் உண்டு. அம்மாணவன் தனியே வந்தவன் அல்லன் என்பதைத் தன்வரலாறே காட்டுகிறது. நான்கு அறிமுகக் கடிதங்கள் அவனிடம் இருந்தன. விக்டோரியா விடுதிக்கு முதல்நாள் மாலையே பிராண்ஜீவன் மேத்தா வந்து சேர்ந்தார். பிறர் பொருளைத் தொடாதே, உரக்கப் பேசாதே, எல்லாரையும் ‘சார்’ என விளிக்காதே என்று முதற்பாடம் நடத்தியவரும், விடுதிச் செலவு தாங்காது, குடும்பம் ஒன்றுடன் தங்குவதே நன்று என்று வழிகாட்டியவரும் அவரே. வழியனுப்பத் துறைமுகம் வருவோர்க்கும் ஒன்றேகால் ரூபாய் தண்டம் விதித்த சாதிப் பஞ்சாயத்தை மீறிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் தமையன். அத்தமையனின் நெருக்கடியை எண்ணியே பின்னாளில் வாரம் எட்டு ஷில்லிங் அறையும், நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் உணவும் அமைந்தன. சிக்கனம் இங்கே அறமாக மாறுவதற்கு முன் கடனாக இருந்தது.

இன்னொரு மௌனமும் உண்டு. இரவெல்லாம் கண்ணீர் வழிந்ததை எழுதும் பகுதியில் தாயின் அன்பு குறிக்கப்படுகிறது. கைக்குழந்தையோடு ஊரில் நின்ற கஸ்தூரிபா அங்கே இல்லை. இலண்டன் அத்தியாயங்களில் மனைவி தோன்றுவது, இந்திய மாணவர் மணமாகாதவர்போல நடித்த பொய்யை ஒப்புக்கொள்ளும் இடத்திலேயே. தன் பொய்யை இத்துணை நேர்மையாக வெளியிட்ட ஆசிரியரும், அம்மூன்றாண்டுகள் அவளுக்கு எவ்வாறு கழிந்தன என்று அங்கே வினவவில்லை.

நாட்குறிப்பில் எஞ்சியவை

நாட்குறிப்பின் காந்திக்குத் தீர்ப்புகள் இல்லை, வியப்பே உண்டு. விடுதியின் விளக்கு வரிசை கண்ணைப் பறிக்கிறது. சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டிய அறை என எண்ணி நுழைந்த இடம், தன்னை இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் சென்றதும் திகைக்கிறான், அது மின்தூக்கி. தன்வரலாற்றில் அதே நாளின் மையம், செப்டம்பர் இறுதியில் வெண்ணிற உடையோடு கரையிறங்கிய வெட்கம். ஒரே நாளை ஒருவரே எழுதியும், முன்னதில் கண் பார்க்கிறது. பின்னதில் கண் பார்க்கப்படுகிறது.

அந்நாட்குறிப்பு ஏறத்தாழ 120 பக்கங்கள் கொண்டதென்பர். 1909இல் சகன்லால் காந்தி முதன்முறை இலண்டன் புறப்பட ஆயத்தமானபோது காந்தி அதை அவரிடம் கொடுத்தார். 1920இல் மகாதேவ தேசாயிடம் ஒப்படைக்குமுன், சகன்லால் தொடர்ச்சியான விவரிப்பாக அமைந்த சுமார் 20 பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டார். அன்றாட நிகழ்வுகளின் வெறும் குறிப்பாக இருந்த எஞ்சிய நூறு பக்கங்களை அவர் படியெடுக்கவில்லை. மூலச்சுவடி இன்று கிடைக்கவில்லை.