பைசாந்தியத் தளபதிகள்: ஒரு திறனாய்வு

செய்தி பலரைச் சென்றடைதல் எளிது. அது பிறழாது அனைவரையும் ஒரே செய்தியாய்ச் சென்றடைதல் அரிது. இவ்வருமையைக் கணினியியலார் உள்ளத்திற் பதித்த கட்டுரை, லாம்போட், சோஸ்ராக், பீஸ் என்னும் மூவர் 1982இல் வெளியிட்ட 'பைசாந்தியத் தளபதிகளின் சிக்கல்' என்பதாகும்.

பகைநகரை வளைத்துப் பாளையமிறங்கிய தளபதிகள் தூதர் வாயிலாகவே பேசுவர். அவருள் வஞ்சகரும் உளர். எனினும் நேர்மையாளர் யாவரும் ஒருமுடிவே கொள்ளல் வேண்டும். மூவருள் ஒருவன் வஞ்சகனாயின், வாய்ச்சொல் மட்டுங் கொண்டு இது கைகூடாது. தலைவன் எனக்குத் 'தாக்குக' என்றான். தோழனோ, 'பின்வாங்குக என்றே எனக்குச் சொன்னான்' என்கின்றான். பொய்த்தவன் தலைவனோ தோழனோ என அறிய வழியில்லை. ஆதலின் வஞ்சகர் மூன்றிலொரு பங்கினுங் குறைந்திருத்தல் வேண்டுமென மூவரும் நிறுவினர். போலி செய்யவியலாக் கையொப்பம் இருப்பின் இவ்வரம்பு நீங்குமென்றுங் காட்டினர்.

சொல்லுக்குஞ் சான்றுக்கும் உள்ள இவ்வேற்றுமையை ரம்புக்கனையிலும் காணலாம். கொழும்பிலிருந்து வரும் இரட்டை இருப்புப்பாதை அங்கே ஒற்றையாகிக் கடுகண்ணாவை நோக்கி மலையேறுகின்றது. மலைநாட்டு ஒற்றைப் பாதைக்கென அமைந்த பழைய முறையில், இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவேளையில் ஓர் உலோக வட்டே வெளிவரும். அது பெறாத வண்டி புறப்படலாகாது. நிலைய அதிபர் சொல் இரண்டாகலாம், வட்டு இரண்டாகாது. கையொப்பம் இவ்வளவு செய்யாது. ஆயினும், முரண்பட்ட இரு ஓலைகளில் ஒருவன் ஒப்பமே காணப்படின் அவன் வஞ்சம் வெளிப்படும்.

கட்டுரையின் குறைகள் இரண்டு. வஞ்சகனை முன்னிறுத்துங் கதை, பழுதுற்ற பொறியும் இருவர்க்கு இருவேறு விடை கூறுமென்பதை மறைக்கின்றது. வானூர்தியை இயக்கும் கணினிகளின் பழுதை ஆராயும் முயற்சியிலன்றோ இச்சிக்கல் எழுந்தது! இரண்டாவது, செலவு. வஞ்சகர் தொகை ஏற ஏற, அவர் கூறிய வாய்ச்சொல் முறையில் தூதுகள் அளவிறந்து பெருகும். உயிர்காக்கும் பொறிகள் ஒருமுடிவு காணுமுன் காலங் கடந்துவிடின், அம்முறை சரியானதென்பதாற் பயன் என்னை?

இக்குறையைப் பின்வந்தோர் படிப்படியாகக் களைந்தனர். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பாண்டுரங்கன் வழிகாட்டலில் ஆய்வுசெய்த அர்ப்பிதா பத்ரா, 2011இல் ஒரு முறை வகுத்தார். வஞ்சகர் மூன்றிலொரு பங்கினுங் குறைந்த நிலையில், மிக நீண்ட செய்தியைப் பரப்ப, அதன் நீளத்தைப் பெறுவோர் தொகையாற் பெருக்கிய அளவை ஒட்டிய செலவே அம்முறைக்குப் போதும். ஒவ்வொருவரும் செய்தியைப் பெற்றேயாக வேண்டுதலின், அவ்வளவை விடுத்து வேறு சுருக்கமில்லை.

வினாவை வகுத்த புகழ் மூவர்க்குரியது. விடையைக் கைக்கொள்ளத்தக்கதாக்கிய புகழ் பின்னோர்க்குரியது. கதையைக் கற்ற மாணவர் கணக்கையுங் கற்பாராக.