மீடியனுக்கு அந்தப் பக்கம்

ஸ்டீபன் ஜே கூல்டு 1985இல் எழுதிய 'தி மீடியன் இஸ்ன்ட் த மெசேஜ்' கட்டுரையை நான் இலக்கிய ஆர்வத்தில் தேடிப் படிக்கவில்லை. செகிஞ்சான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்த பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் 'மல்டிபிள் மைலோமா' என்று இருந்தது. "நீதானே படிச்சவன், என்னான்னு பாரு தம்பி" என்று நீட்டினார்கள்.

இணையத்தில் முதலில் கண்ணில் பட்டது ஆயுள் கணக்குதான். மூடி வைத்துவிட்டேன்.

கூல்டுக்கு 1982இல் மீசோதீலியோமா. நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்று படித்தார். அப்படியென்றால் மீதிப் பாதி? அவர்களுடைய வளைவு வலப்பக்கம் நீண்டுகொண்டே போகிறது. அவர் 2002 வரை வாழ்ந்தார். இறந்தது வேறொரு புற்றால். பல்கலையில் எத்தனையோ மீடியன் கணக்கு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டின் மேல் ஆள் நிற்கிறார் என்று அப்போது உறைக்கவில்லை.

மைலோமாவுக்கு இந்த வாசிப்பு இன்னும் பொருந்தும். போர்டெசோமிப் 2003இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முந்தைய நோயாளிகளின் எண்களை இன்றைய நோயாளிக்குப் படித்துக் காட்டுவது, பழைய பஸ் அட்டவணையைப் பார்த்துவிட்டு பஸ்ஸே இல்லை என்று சொல்வது போல.

ஆனால் கட்டுரையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கூல்டு ஹார்வர்டு பேராசிரியர். மருத்துவ நூலகம் கைக்கெட்டும் தூரத்தில். அறிவு இருந்தால் நம்பிக்கை வரும் என்கிறார், சரி. அந்த அறிவு எந்த மொழியில் இருக்கிறது? எங்களுக்கு ரத்த நோய்க்கான பெரிய ஆஸ்பத்திரி அம்பாங்கில். கையில் கிடைத்த கையேடுகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. அவற்றில் நோயின் அடையாளங்களுக்குச் சுருக்கெழுத்து 'கிராப்', அதாவது நண்டு: ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை, எலும்புச் சேதம். எலும்பு மஜ்ஜையில் ஒரே ரக பிளாஸ்மா அணு பெருகி எலும்பில் ஓட்டை ஓட்டையாக அரிக்கும் நோய்க்கு, நண்டைவிட நம்முடைய 'புற்று' என்ற சொல்லே கச்சிதம்.

நண்டில் இல்லாத ஒரு வரிதான் எங்கள் வீட்டுக்கு முக்கியமாக இருந்தது. சிலவகை வலி மாத்திரைகள் மைலோமாக்காரரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோட்டத்தில் முதுகுவலிக்கு மாத்திரை வாங்கிப் போடாத வீடு எது? கையேட்டில் அது உள்ளே எங்கோ, சின்ன எழுத்தில்.

தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை முதல் வரியாக வைத்தேன். ஆயுள் கணக்கை விட்டுவிட்டேன். பெரியம்மா கண்ணாடி போட்டு முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை வருசம்னு எழுதலியே தம்பி?"

கூல்டின் வளைவைத் தாளில் வரைந்து காட்டினேன். வலப்பக்கக் கோட்டை விரலால் தாள் முடியும்வரை தடவிப் பார்த்தார்.