ஒரே வரிசையில் இரு குரல்கள்

நான்கு குரல்களில் அமைந்த ஞானப்பாட்டை அச்சிடுவோர் பெரும்பாலும் ஐந்து கோடுகள் கொண்ட இரண்டு வரிசைகளையே கையாளுகின்றனர். மேல்வரிசை சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும், கீழ்வரிசை டெனருக்கும் பாஸுக்கும் உரியது. இதனால் தாள் மிச்சமாகிறது. ஆர்கன் வாசிப்போருக்கும் எளிதாகிறது. ஆயினும், ஒரு குரலின் சுரக்குறி மற்றதன்மேல் விழுந்து அதனை மறைக்கும் இடரும் இதனாலேயே எழுகிறது. ஜான் கர்வன் என்னும் ஆங்கிலேயப் போதகர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையில் ஒவ்வொரு குரலுக்கும் தனி வரி உண்டு. ஆகையால் அங்கு இவ்விடர் இல்லை.

இன்று இவ்விடரைக் கணினி எங்ஙனம் தீர்க்கிறது? ஹாலந்து தேசத்தவரான ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நீவென்ஹௌசன் ஆகிய இருவரும் 1996இல் தொடங்கிய லில்லிபாண்ட் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இரு பகுதிகளையும் தனித்தனிக் குரல்கள் என்று மென்பொருளுக்கு அறிவித்தல் முதற்கடமை. அறிவித்தபின் மேற்குரலின் தண்டுகள் மேல்நோக்கியும் கீழ்க்குரலின் தண்டுகள் கீழ்நோக்கியும் நிற்கும். அடுத்தடுத்த சுரங்கள் சேர்ந்து வருமாயின் அவற்றின் தலைகள் பக்கவாட்டில் விலகும். ஒரே சுரமும் ஒரே கால அளவும் உடைய இரு கிராட்செட்டுகளாயின், ஒரே தலையை இரு தண்டுகள் பகிர்ந்துகொள்ளும்.

கால அளவு வேறுபடும் இடத்திலேதான் இதன் மதிநுட்பம் விளங்குகிறது. ஒரே சுரத்தில் மினிமும் குவேவரும் சந்தித்தால், நாம் கட்டளையிடும்போது அவற்றை இணைக்கும். குவேவரின் வால் அதனை அடையாளம் காட்டிவிடுமன்றோ! மினிமும் கிராட்செட்டும் சந்தித்தாலோ, அக்கட்டளைக்கும் இணங்காமல் அருகருகே நிறுத்துகிறது. இணைத்தால் எது எவருடையது என்று அறிய வழியில்லை. இம்மறுப்பு போற்றத்தக்கது.

எனினும், புள்ளியுள்ள சுரத்தையும் புள்ளியற்ற சுரத்தையும் ஒரே தலையில் இணைப்பதற்கு இது இடமளிப்பதை நாம் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டும். இயல்பாக அவற்றைப் பிரித்தே வைக்கும்; கட்டளையிட்டால் இணைக்கும். அப்பொழுது பக்கம் அழகுறும். ஆனால் புள்ளி எக்குரலுக்கு உரியது என்பது அடுத்த சுரத்தை நோக்கிய பின்னரே தெளியும். முதன்முறை பார்த்துப் பாடுவோருக்கு அதற்கு நேரம் ஏது? மேலும், ஒரே திசைத் தண்டுடன் மூன்றாம் குரல் புகுந்தால், அதனை விலக்கி வைக்கும் கட்டளையை நாமே இட வேண்டும். இல்லாவிடில் மென்பொருள் எச்சரிக்கை தருவதோடு நின்றுவிடும். அவ்வெச்சரிக்கையை வாசியாமல் அச்சுக்கு அனுப்புவது மென்பொருளின் குற்றமன்று, நம் குற்றமே.

இஃது அச்சுக்கோப்போரின் சிறு கவலை எனச் சிலர் எண்ணலாம். ஆனால் இழப்பு யாருக்கு என்று கேட்போமாக. சோப்ரானோ பாடும் மெட்டைச் சபையார் அனைவரும் அறிவர்; குறி மறைந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆல்டோவுக்கும் டெனருக்கும் அச்சிட்ட தாளையன்றி வேறு துணையில்லை. சுரங்களில் வேறுபாடு விளங்காவிடில் குழலோசையை அறிவதெப்படி என்று அப்போஸ்தலனாகிய பவுல் 1 கொரிந்தியர் 14:7இல் வினவுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலால் பாடற்குழுவுக்குப் பிரதிகளை வழங்குமுன், ஆல்டோ வரியை மட்டும் தாளிலிருந்து ஒருமுறை பாடிப் பார்ப்பீர்களாக. எவ்விடத்தில் நா தயங்குகிறதோ, அவ்விடத்தில் இரு தலைகளைப் பிரித்து வையுங்கள். பக்கத்தின் அழகு சற்றே குறையலாம்; ஒரு குரலும் இழந்துபோகாது.