சொன்னவர் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்றாடம் அடி வாங்குவது தெரிந்தும் பலர் வாய் திறப்பதில்லை. 'நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால், அதே தெருவில் எப்படிக் குடியிருப்பது?' என்ற பயம் அவர்களைத் தடுக்கிறது. இந்தப் பயத்தை இந்தியாவும் இலங்கையும் பாதிதான் தீர்த்திருக்கின்றன.

சொல்வதற்கு வழி இரு நாட்டிலும் உண்டு. இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்கலாம். அங்கே பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரிலும் முறையிடலாம்.

இந்தியா ஒருபடி மேலே போய், சொல்வதைக் கடமையாக்கியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 19ஆம் பிரிவு உறுதி தருகிறது. ஆனால் அவர் பெயரை மறைக்கச் சொல்லி அந்தப் பிரிவு கட்டளையிடவில்லை. சாட்சிகளுக்கென 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பாதுகாப்புத் திட்டமும் குற்ற வழக்குகளுக்கானது; வழக்கே ஆகாத தகவலைத் தந்தவருக்கு அல்ல.

இலங்கை 2015இலேயே பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. சாட்சியை மிரட்டுவது அங்கே தனிக் குற்றம். இந்த வகையில் இலங்கை முந்தியிருக்கிறது. ஆனாலும் இதுவும் குற்ற வழக்கைச் சுற்றியே நிற்கிறது.

இன்னொரு காப்பு இரு நாட்டுச் சட்டங்களிலும் இடம்பெற்றது. இந்தியாவில் 2024 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், குற்றத் தகவலைத் தந்தது யார் என்று கூறும்படி நீதிவானையோ காவல் அதிகாரியையோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றது; அதைப் பின்பற்றி எழுந்த இலங்கையின் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அப்படியே சொல்கிறது. ஊர்மக்கள் நம்பிப் பேசும் சமூகநல அலுவலரை அந்த விதி குறிப்பிடவே இல்லை.

பெயரை மட்டும் மறைத்தாலும் போதாது. விசாரிக்கப் போன அலுவலர், "நேற்று ராத்திரி சத்தம் கேட்டதாமே" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். சொன்னது எந்த வீடு என்று தெருவுக்கே விளங்கிவிடும். பள்ளி வருகை, தடுப்பூசி என்று வழக்கமான கேள்விகளில் தொடங்குபவரே தகவல் தந்தவரைக் காப்பவர். பெயரை மறைத்தால் பொய்ப் புகார் பெருகும் என்று அஞ்ச வேண்டாம்; பழிவாங்கப் பொய் சொல்வோரைத் தண்டிக்கப் போக்சோவிலேயே இடமிருக்கிறது. ஆகவே அலுவலகத்துக்குப் பெயர் தெரியலாம்; குற்றம்சாட்டப்பட்ட குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

தகவல் தந்தவரின் பெயரைக் கோப்பில் சேர்க்காமல் தனியே பூட்டி வைப்பதையும், அதை வெளியிடும் அலுவலரைத் தண்டிப்பதையும் இரு அரசுகளும் சட்டமாக்க வேண்டும். அதுவரை, அழைக்கும்போது முதலில் "என் பெயரை எங்கே எழுதுவீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, தயங்காமல் சொல்லுங்கள்.